வெப்பம் தாங்கும் பாலிமர் வாயு உணரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த உணரிகளைப் பற்றி விசாரிக்கும் பலரும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். உருகாத பாலிமர் என்றால் சூட்டிலும் சரியாக அளக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் குழப்பத்தைச் சுற்றியே இருக்கும்.

ஒரு பிளாஸ்டிக் படலம் எப்படி வாயுவை உணரும்?

பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. வாயு மூலக்கூறு அதற்குள் போய் உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று மாறும். படலம் கொஞ்சம் உப்பலாம், எடை கூடலாம், மின்தேக்குத்திறனோ மின்தடையோ மாறலாம். எது மாறுகிறதோ அதை அளக்க வேண்டியதுதான்.

எடையை அளப்பவர்கள் அதிரும் குவார்ட்ஸ் தகட்டின் மேல் பாலிமரைப் பூசுகிறார்கள். வாயு ஏறினால் தகடு கனத்து, அதிர்வெண் இறங்கும். எவ்வளவு கனத்தால் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கை 1959-இல் சாவர்பிரே என்ற ஜெர்மானியர் வகுத்தார். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. உப்புவதை அளப்பவர்கள் பாலிமருக்குள் கரித்தூளைக் கலக்கிறார்கள். படலம் உப்பும்போது கரித்துகள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், மின்தடை ஏறும்.

மூன்றாவது வழியில் பாலிமரே மின்சாரம் கடத்தும். 1977-இல் ஷிரகாவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீனில் அயோடினை ஏற்றி, அதன் கடத்துதிறனைப் பல லட்சம் மடங்குக்கு மேல் உயர்த்திக் காட்டினார்கள். அதற்காக 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பாலிஅசிட்டிலீன் காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் உணரிகளில் அதன் உறவுக்காரர்களான பாலிஅனிலின், பாலிபைரோல், பாலிதயோஃபீன் ஆகியவையே பயன்படுகின்றன.

வாயுவுக்கும் பாலிமருக்கும் இடையே உண்மையில் என்ன நடக்கிறது?

பாலிஅனிலினும் அம்மோனியாவும் நல்ல எடுத்துக்காட்டு. அமிலம் ஏற்றிய பாலிஅனிலின் பச்சை நிறத்தில் இருக்கும், மின்சாரத்தைக் கடத்தும். அம்மோனியா காரத்தன்மை உள்ளது. வந்தவுடன் பாலிமரிடமிருந்து புரோட்டானைப் பறித்துக்கொள்ளும். கடத்தும் நிலை குலைந்து மின்தடை ஏறும். அம்மோனியா விலகினால் புரோட்டான் திரும்பி வரும், மின்தடை இறங்கும்.

நைட்ரஜன் டையாக்சைடு எதிர்ப்பக்கம் நிற்கும் ஆள். அது எலக்ட்ரானைப் பிடுங்கும். இப்படிப்பட்ட பாலிமர்களில் மின்சாரத்தைச் சுமப்பவை எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள் என்பதால், எலக்ட்ரான் போகப்போகக் கடத்தல் கூடும். ஆனால் அளவு மீறிப் பறித்தால் பாலிமர் மிகையாக ஆக்சிஜனேற்றம் அடைந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு மிக மென்மையான அமிலம், நேரடியாகப் பெரிதாக எதுவும் செய்யாது. இதற்கு ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். படலத்தில் செப்புக் குளோரைடைச் சேர்த்துவிடுவார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதனுடன் சேர்ந்து செப்புச் சல்ஃபைடாக மாற, ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுபடும். அந்த வலுவான அமிலம் பாலிஅனிலினைக் கடத்தவைக்கும். ஒரே குறை, செலவழிந்த செப்புக் குளோரைடு தானாகத் திரும்பி வராது.

'வெப்பம் தாங்கும்' என்றால் எத்தனை டிகிரி?

இந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்பவரை நம்பாதீர்கள். எத்தனை டிகிரி என்பதோடு எத்தனை நேரம், எந்தக் காற்றில் என்றும் கேட்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண் பெரும்பாலும் எடை இழப்புச் சோதனையில் கிடைப்பது. சில மில்லிகிராம் பாலிமரை நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் சூடேற்றி, 5 சதவீத எடை எப்போது குறைகிறது என்று குறித்துக்கொள்வார்கள். 500 டிகிரி செல்சியஸ் என்று வரும். ஆனால் அந்தத் துண்டு 500 டிகிரியில் இருந்தது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான், அதுவும் ஆக்சிஜன் இல்லாமல். உங்கள் உணரி இருக்கப்போவது காற்றில், ஆண்டுக்கணக்கில்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்குக் காப்டன் என்ற பாலிஇமைடு படலமே சாட்சி. டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய படலம் அது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 5 அடுக்கு வெயில்மறைப்பும் அதனால் ஆனதுதான். காற்றில் சூடாக வைத்தால், இழுத்தால் நீளும் தன்மையைக் கிட்டத்தட்ட முழுவதும் இழந்து நொறுங்கும் நிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. 450 டிகிரியில் 2 மணி நேரம். 400 டிகிரியில் 12 மணி நேரம். 350-இல் 6 நாள். 300-இல் 3 மாதம். 250-இல் 8 ஆண்டு. ஒரே படலத்தை 450 டிகிரி தாங்கும் என்றும் சொல்லலாம், 250 டிகிரிதான் தாங்கும் என்றும் சொல்லலாம். இரண்டுமே பொய்யில்லை.

இன்னோர் எண்ணும் உண்டு: கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை. அதைத் தாண்டினால் பாலிமர் எரியாது, உருகவும் செய்யாது. ஆனால் சங்கிலிகள் நெளியத் தொடங்கும். இடைவெளிகளின் அளவு மாறும், வாயு நுழையும் வேகமும் மாறும். உணரியைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான எல்லை. பீக் என்ற பாலிமர் 343 டிகிரியில்தான் உருகும், ஆனால் அதன் கண்ணாடி நிலைமாற்றம் 143 டிகிரியிலேயே வந்துவிடும். பற்சக்கரம் செய்பவருக்கு முதல் எண் போதும். வாயு உணரும் படலம் செய்பவர் இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

சில பாலிமர்கள் மட்டும் எப்படித் தாங்குகின்றன?

சங்கிலியில் வளையங்கள் நெருக்கமாக இருப்பதால். பென்சீன் வளையப் பிணைப்புகளை முறிக்கச் சாதாரண கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பைவிட அதிக ஆற்றல் வேண்டும். வளையங்கள் சங்கிலியைச் சுழலவிடாமல் விறைப்பாகவும் வைத்திருக்கும். ஏணிபோல இரட்டைக் கம்பியில் அமைந்த பாலிமர்கள் இன்னும் கெட்டி: ஒரு பிணைப்பு அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். டெஃப்லானில் கதை வேறு. அங்கே வலிமை கார்பன்–ஃபுளோரின் பிணைப்பிலிருந்து வருகிறது.

அப்படியானால் கடத்தும் பாலிமர்களும் வளையங்களால் ஆனவைதானே, அவை ஏன் தாங்குவதில்லை?

நல்ல கேள்வி. பாலிஅனிலினின் முதுகெலும்பு 400 டிகிரி அளவுக்குக்கூடத் தாக்குப்பிடிக்கும். முதலில் போவது முதுகெலும்பு அல்ல, அதற்குக் கடத்தும் தன்மை கொடுத்த அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏற்றியிருந்தால் 100 டிகிரியைத் தாண்டியதுமே அது ஆவியாகி வெளியேற ஆரம்பிக்கும். பாலிமர் அப்படியே இருக்கும், ஆனால் மின்சாரம் கடத்தாது. வீடு நிற்கிறது, குடியிருந்தவர் போய்விட்டார்.

இதற்கு மருந்து, எளிதில் ஆவியாகாத அமிலம். நீளமான வால் கொண்ட சல்ஃபானிக் அமிலங்களை, குறிப்பாக டோடெசில்பென்சீன் சல்ஃபானிக் அமிலத்தை ஏற்றினால் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். அமிலத்தையே பாலிமராக்கி, பாலிஸ்டைரீன் சல்ஃபானிக் அமிலமாகக் கோத்துவிடுவது இன்னொரு வழி. அப்போதும் 200 டிகிரிக்குமேல் பல மாதம் நிலையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. அந்தச் சூட்டில் பக்கத்துச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ளும், அந்த மாற்றத்துக்குத் திரும்பும் பாதை கிடையாது.

படலம் கெடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். சூட்டில் அளவு சரியாக வருமா?

பெரும்பாலும் வராது, அல்லது பலவீனமாக வரும். சிக்கல் மூன்று பக்கத்திலிருந்து வருகிறது.

முதலாவது, வாயு தங்காது. குளிர்ந்த பரப்பில் ஒட்டும் மூலக்கூறு சூடான பரப்பிலிருந்து பறந்துவிடும். ஒட்டும் ஆற்றல் மோலுக்கு 40 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 25 டிகிரியில் தங்கியதில் 125 டிகிரியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட 60-இல் ஒரு பங்குதான். பொருள் எவ்வளவு நன்றாகத் தாங்கினாலும், உணர்வதற்கு ஆள் வரவில்லை என்றால் என்ன செய்வது?

இரண்டாவது, வெப்பநிலையே வாயு வேடம் போடும். பாலிஇமைடு பிளாஸ்டிக்குகளில் குறைவாக விரியும் வகை. அதுவே 100 டிகிரி மாற்றத்துக்கு நீளத்தில் சுமார் 0.2 சதவீதம் விரியும். கரித்தூள் கலந்த படலத்தில் இந்த விரிவு, சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) வாயு உண்டாக்கும் உப்பலை எளிதாக மூழ்கடித்துவிடும். கரித்தூள் கலந்த பாலிமர் உருகுநிலையை நெருங்கும்போது மின்தடை ஆயிரக்கணக்கான மடங்கு ஏறும். அந்தக் குணத்தை வைத்துத்தான் தானாக மீளும் ஃபியூஸ்களே செய்கிறார்கள். ஃபியூஸுக்கு வரமாக இருப்பது உணரிக்குச் சாபம்.

மூன்றாவது, நகர்வு. சூட்டில் பாலிமர் மெதுவாக இறுகிக்கொண்டே இருக்கும், வாயு இல்லாதபோது காட்டும் அடிப்படை அளவு நாளுக்கு நாள் நகரும். எரிந்துபோவது கடைசியில் நடப்பது; அளவு அதற்கு வெகுமுன்பே கெட்டுவிடும்.

வாயுவை வெறுமனே ஒட்டவைக்காமல் அதனுடன் வேதிவினை புரியும் படலங்கள் இதற்கு விதிவிலக்கு. வினையின் வேகம் சூட்டில் கூடும் என்பதால் அங்கே வெப்பம் ஓரளவு வரை உதவும்.

வெப்பநிலை மாற்றத்தை ஈடுகட்ட முடியாதா?

முடியும். ஒரே படலத்தில் இரண்டு உணர்முனைகள் செய்து, ஒன்றை வாயு புகாதபடி மூடிவிட்டு, இரண்டையும் வீட்ஸ்டன் சமனச்சுற்றில் (இரண்டின் வேறுபாட்டை மட்டும் காட்டும் மின்சுற்று) கோர்ப்பார்கள். இரண்டுக்கும் பொதுவான சூடு கழிந்துபோகும், வாயு மட்டும் மிஞ்சும். காகிதத்தில் முழுதாகக் கழியும். நடைமுறையில் மூடிய முனையும் திறந்த முனையும் ஒரே மாதிரி முதுமை அடையாது.

சூடான உணரிக்கு உலோக ஆக்சைடு இருக்கிறதே, பாலிமர் எதற்கு?

நியாயம்தான். வெள்ளீய ஆக்சைடு உணரிக்கு 1962-இல் தகுச்சி காப்புரிமை கோரினார். அந்த வகை 200 முதல் 400 டிகிரி வரை சூடேற்றியே வேலை செய்கிறது. கார்களின் புகைக்குழாயில் 1976 முதல் இருக்கும் சிர்க்கோனியா ஆக்சிஜன் உணரியோ 300 டிகிரிக்கு மேல்தான் விழித்தெழும். 300 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் பாலிமரை முன்னிறுத்துவது வீண் பிடிவாதம்.

பாலிமருக்கு உரிய இடம் அதற்குக் கீழே இருக்கிறது. சூடேற்றி இல்லாமலே இயங்குவதால் மின்சாரச் செலவு மிகக் குறைவு. வளைந்துகொடுக்கும். அச்சிட்டே செய்யலாம். சங்கிலியின் ஓரத்தில் தொங்கும் பக்கக் குழுக்களை மாற்றி, எந்த வாயுவைப் பிடிக்க வேண்டும் என்று வேதியியலாளர் ஓரளவு தீர்மானிக்கலாம். சுட்ட ஆக்சைடு, எரியும் வாயு எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி கத்தும்.

பிறகு எந்தச் சூட்டு வேலைக்கு இது உண்மையிலேயே தேவை?

என் கருத்தில் 100 முதல் 200 டிகிரி வரையிலான இடைவெளிக்கு. ஒரு கொதிகலனின் புகைபோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க அம்மோனியாவைச் செலுத்தும் வினையூக்கிப் பகுதி 300 முதல் 400 டிகிரியில் இருக்கும். அங்கே பாலிமர் வேண்டாம். காற்றுச் சூடாக்கியைத் தாண்டி வரும் புகை சுமார் 120 முதல் 150 டிகிரிக்கு இறங்கியிருக்கும்.

'மாதிரியைக் குழாய் வழியே இழுத்துக் குளிர்வித்து, சாதாரண உணரியில் அளக்கலாமே' என்பார்கள். குளிர்வித்தால் நீராவி தண்ணீராகும், அம்மோனியாவும் சல்ஃபர் டையாக்சைடும் அந்தத் தண்ணீரில் கரைந்து காணாமல்போகும். சல்ஃபர் டிரையாக்சைடு இருந்தால் கந்தக அமிலமாகப் படியும்; அம்மோனியாவுடன் சேர்ந்து ஒட்டும் உப்பாகிக் குழாயை அடைக்கவும் செய்யும். அதனால்தான் மாதிரிக் குழாயையே 180 டிகிரி அளவுக்குச் சூடாக வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே வைத்து அளக்கக்கூடிய உணரி கிடைத்தால் குளிர்விக்கும் தொல்லையே இல்லை. வெப்பம் தாங்கும் பாலிமரைப் பற்றிய பேச்சுக்கு இங்கேதான் அர்த்தம் பிறக்கிறது.

இந்த இடைவெளிக்குப் பொருத்தமான பொருள்களில் பாலிபென்சிமிடசோல் முக்கியமானது. அதில் பாஸ்ஃபாரிக் அமிலத்தை ஊறவைத்தால், தண்ணீரே இல்லாமல் 120 முதல் 200 டிகிரி வரை புரோட்டானைக் கடத்தும். எரிபொருள் கலன்களுக்காக வளர்ந்த இந்தத் தொழில்நுட்பம் மின்வேதி உணரிகளுக்கும் ஒத்துவரும். இதே வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் நாஃபியான் என்ற பாலிமர் சவ்வுக்குத் தண்ணீர் வேண்டும். 100 டிகிரியை நெருங்கினாலே வறண்டுபோகும். பாஸ்ஃபாரிக் அமிலத்துக்கும் பகை உண்டு: அம்மோனியா கலந்த புகையில் அமிலம் நடுநிலையாகிக்கொண்டே வரும்.

சூடு எங்கேயாவது உதவுமா?

உதவும், அதுவும் நன்றாக. அறை வெப்பநிலையில் வேலை செய்யும் பாலிமர் உணரிகளின் பெரிய நோய், பிடித்த வாயுவை விடாதது. நைட்ரஜன் டையாக்சைடைக் காட்டிவிட்டுத் தூய காற்றைச் செலுத்தினால் பழைய நிலைக்குத் திரும்ப மணிக்கணக்கில் ஆகலாம். படலத்தை 100 அல்லது 150 டிகிரிக்குச் சிறிது நேரம் சூடேற்றினால் வாயு கிளம்பிவிடும். குளிர்ந்த நிலையில் அளப்பது, சூட்டில் துடைப்பது என்று மாறிமாறி ஓட்டலாம்.

இந்த முறையில் வெப்பம் தாங்கும் பாலிமர் இரட்டை வேடம் போடுகிறது. பாலிஇமைடு படலத்தின் மேல் பிளாட்டினத்தை மெல்லிய கோடாக வளைத்து வளைத்துப் படியவைத்தால் அதுவே சூடேற்றி. பாலிஇமைடின் வெப்பங்கடத்துதிறன் மீட்டர்–கெல்வினுக்கு சுமார் 0.12 வாட், சிலிக்கானுடையது அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல். சூடு சுற்றிலும் பரவாமல் வேண்டிய இடத்திலேயே நிற்கும். வெளிவந்த வடிவமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பாலிமரின் 'குறை'யான மந்தமான வெப்பக்கடத்தல் இங்கே வசதியாக மாறிவிடுகிறது.

பாலிஇமைடை லேசரால் சுட்டு உணரி செய்கிறார்களாமே?

ஆமாம். 2014-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூரின் குழு, கடையில் கிடைக்கும் பாலிஇமைடு படலத்தின் மேல் கார்பன் டையாக்சைடு லேசரை ஓட்டினால் அந்தக் கோடு நுண்துளைகள் நிறைந்த கிராஃபீனாக (மின்சாரம் கடத்தும் மெல்லிய கார்பன் தாள்கள்) மாறுவதைக் காட்டியது. மின்முனை, சூடேற்றி, உணரும் பரப்பு மூன்றையும் ஒரே படலத்தில் கோடுகளாக வரைந்துவிடலாம்.

இதற்கு ஒரு பழைய அண்ணன் உண்டு. பாலிஅக்ரிலோநைட்ரைல் இழையை 200 முதல் 300 டிகிரி வரை பக்குவமாகச் சூடேற்றினால் வளையங்கள் கோத்துக்கொண்டு ஏணி அமைப்பாகும். வெள்ளை கருப்பாகும், மின்காப்பி குறைகடத்தியாகும். கார்பன் இழை தயாரிப்பின் முதல் படியும் இதுவே. இந்தப் படலத்தில் வெள்ளி, செம்பு, கோபால்ட் போன்ற உலோகங்களைக் கலந்து, நைட்ரஜன் டையாக்சைடு, குளோரின் முதலியவற்றுக்கு உணரி செய்திருக்கிறார்கள். சூட்டிலேயே பிறந்த பொருள் என்பதால் அதற்குக் கீழ்ப்பட்ட சூட்டில் பெரிதாக மாறாது.

ஈரப்பதம் குழப்புமா?

கட்டாயம் குழப்பும். வணிகரீதியாக விற்கும் ஈரப்பத உணரிகள் பலவற்றில் உள்ளே இருப்பது பாலிஇமைடு படலம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வாயு உணரி என்று நீங்கள் வாங்கியது பாதி நேரம் ஈரத்தை அளந்துகொண்டிருக்கலாம். 100 டிகிரிக்கு மேல் வைத்தால் படலத்தில் தண்ணீர் தங்குவது வெகுவாகக் குறையும். சூட்டில் அளப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்?

இடத்தைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டலில் நைட்ரஜன் டையாக்சைடின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம்; அது சுமார் 5 பிபிபி (நூறு கோடியில் 5 பங்கு). சல்ஃபர் டையாக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி 40 மைக்ரோகிராம். அது சுமார் 15 பிபிபி. தெருக்காற்றை அளக்க விரும்பும் உணரி இந்த எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும். புகைபோக்கிக்குள் அளவு பிபிஎம் கணக்கில் இருக்கும். அங்கே உணர்திறன் பிரச்சினையல்ல, தாங்குவதே பிரச்சினை. '10 பிபிஎம் அளவில் அருமையாக வேலை செய்தது' என்ற ஆய்வு முடிவைத் தெருக்காற்றுக்குப் பொருத்துபவர்கள் இரண்டாயிரம் மடங்கு தாண்டிக் குதிக்கிறார்கள்.

கார்பன் மோனாக்சைடு?

பாலிமருக்குக் கடினமான வாயு. அது அமிலமாகவும் நடந்துகொள்ளாது, காரமாகவும் நடந்துகொள்ளாது. பிடித்துக்கொள்ளப் பிடி கிடைக்காது. உலோகச் சேர்மங்களைக் கலந்து முயல்கிறார்கள்.

தரவுத்தாளில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வெப்பநிலை எல்லை என்று எழுதியிருக்கும் வரியில் அது இயங்கும் எல்லையா, சேமித்து வைக்கும் எல்லையா, பொருள் சிதையும் எல்லையா என்று பாருங்கள். மூன்றையும் ஒரே வரியில் மறைப்பது வழக்கம். அடுத்து, உணர்திறன் எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்று தேடுங்கள். '200 டிகிரி தாங்கும்' என்று மேலே இருக்கும், வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் '25 டிகிரியில்' என்று இருக்கும். பிறகு, அடிப்படை அளவு மாதத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்ற எண். அந்த எண்ணே இல்லையென்றால், அளவுத்திருத்தத்துக்கு எவ்வளவு அடிக்கடி கழற்றி எடுக்க வேண்டும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதை வைத்து வீட்டுக்கு வாயு எச்சரிக்கைக் கருவி செய்துகொள்ளலாமா?

கற்றுக்கொள்ளச் செய்யுங்கள், உயிரை அதை நம்பி விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கென்று தரச்சான்று பெற்ற கருவிகள் தனியே இருக்கின்றன, அதை வாங்கி மாட்டுங்கள். நீங்கள் செய்ததைப் பக்கத்தில் வைத்து இரண்டும் எப்படி வேறுபடுகின்றன என்று குறித்துவாருங்கள். முதல் சில வாரங்களில் சமையலறை நீராவிதான் அதிகம் தெரியும்.